எர்வின் ஃபிரிங்க் ஸ்மித்

எர்வின் ஃபிரிங்க் ஸ்மித் (சனவரி 21, 1854 – ஏப்ரல் 6, 1927) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த தாவர நோயியலாளரும் பாக்டீரியாவியலாளரும் ஆவார். மனிதரையும் விலங்குகளையும் போலவே தாவரங்களையும் பாக்டீரியாக்கள் நோயுறச் செய்கின்றன என்பதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியவர்களுள் இவர் முதன்மையானவர். வெள்ளரி, தக்காளி, முட்டைக்கோசு, சோளம் ஆகியவற்றைத் தாக்கும் பல பாக்டீரியா நோய்களை ஆராய்ந்தார். தாவரங்களில் கழலையை உண்டாக்கும் பாக்டீரியாவை சார்லஸ் டவுன்செண்டுடன் இணைந்து 1907 ஆம் ஆண்டு கண்டறிந்தார். எர்வினியா என்னும் பாக்டீரியாப் பேரினம் இவருடைய முதற்பெயரால் வழங்கப்படுகின்றது.

பின்னணி

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாவர நோய்களுக்குப் பூஞ்சைகளே காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. உருளைக்கிழங்குக் கருகல் நோயைப் பற்றி செருமானிய அறிஞர் அன்டன் டி பாரி செய்த ஆய்வுகள் இதற்கு அடிப்படையாக அமைந்தன. மறுபுறம், 1876 ஆம் ஆண்டு அடைப்பான் நோய்க்கும் 1882 ஆம் ஆண்டு காசநோய்க்கும் பாக்டீரியாக்கள் காரணம் என ராபர்ட் கோக் மெய்ப்பித்தார். இதனால், பாக்டீரியா விலங்குகளின் எதிரி, பூஞ்சை தாவரங்களின் எதிரி என்னும் பாகுபாடு அறிஞர்களிடையே நிலவியது.

இப்பாகுபாட்டிற்கு மாறான சான்றுகளும் அப்போதே கிடைக்கத் தொடங்கியிருந்தன. பேரி, ஆப்பிள் மரங்களின் கிளைகள் தீயில் வாட்டியது போலக் கருகிப்போகும் தீக்கருகல் நோயில் பாக்டீரியாக்கள் இருப்பதை இலினொய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் பர்ரில் 1878 ஆம் ஆண்டு முதல் எடுத்துரைத்தார். 1885 ஆம் ஆண்டு ஜே. சி. ஆர்தர் இதனை உறுதி செய்தார். நெதர்லாந்தில் யான் வாக்கர் 1883 ஆம் ஆண்டு ஐயசிந்துச் செடியின் மஞ்சள் நோய்க்குப் பாக்டீரியாவே காரணம் என்றார். எனினும் ஐரோப்பிய அறிஞர் பலர் இவற்றை ஏற்கவில்லை. ஸ்மித் இத்துறைக்குள் நுழைந்தபோது நிலைமை இவ்வாறு இருந்தது.

பிறப்பும் இளமையும்

ஸ்மித் நியூயோர்க் மாநிலத்தின் ஒஸ்வேகோ மாவட்டத்தில் உள்ள கில்பர்ட்ஸ் மில்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். பின்னர் இவருடைய குடும்பம் மிச்சிகன் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து வேளாண்மையில் ஈடுபட்டது. பண்ணை வேலைகளின் காரணமாக இவருடைய பள்ளிக்கல்வி மிகவும் தாமதமாயிற்று. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இவர் நிறைவு செய்தது 1880 ஆம் ஆண்டில், தமது 26 ஆவது வயதில் ஆகும்.

ஆயினும் இக்காலத்தில் இவருடைய கற்றல் நின்றுவிடவில்லை. உள்ளூரில் வாழ்ந்த தாவர ஆர்வலர் சார்லஸ் வீலருடன் சேர்ந்து காடு மேடெல்லாம் சுற்றிச் செடிகளைச் சேகரித்தார். இருவரும் இணைந்து மிச்சிகன் மாநிலத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை 1881 ஆம் ஆண்டு வெளியிட்டனர். பிற்காலத்தில் ஐரோப்பிய ஆய்விதழ்களைப் படிக்கவும் அவற்றில் எழுதவும் இவருக்குப் பிரெஞ்சு, செருமன் ஆகிய மொழிகளின் அறிவு பெரிதும் உதவியது.

கல்லூரிக்குச் செல்வதற்கு முன் இவர் மிச்சிகன் மாநில நலவாழ்வு வாரியத்தில் பணியாற்றினார். குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் ஆகியவை பற்றிய செய்திகளைத் தொகுப்பது அவ்வாரியத்தின் பணிகளுள் ஒன்று. மனிதரிடையே நோய் எவ்வாறு பரவுகின்றது என்பதை இவர் முதலில் அறிந்துகொண்டது இங்குதான். இதன் பின்னரே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1886 ஆம் ஆண்டு இளம் அறிவியல் பட்டம் பெற்றார். 1889 ஆம் ஆண்டு அதே பல்கலைக்கழகம் இவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

வேளாண்மைத் துறையில் பணி

1886 ஆம் ஆண்டு ஸ்மித் வாசிங்டனில் உள்ள அமெரிக்க வேளாண்மைத் துறையில் சேர்ந்தார். இறக்கும் வரை சுமார் 40 ஆண்டுகள் இவர் அத்துறையிலேயே பணியாற்றினார். கால்நடை நோய்களை ஆராய்ந்த தியோபால்ட் ஸ்மித்தும் அக்காலத்தில் இதே துறையில் இருந்தார். பெயர் ஒத்திருப்பினும் இருவரும் உறவினர் அல்லர்.

பீச் மஞ்சள் நோய்

இவருக்கு முதலில் ஒப்படைக்கப்பட்ட பணி பீச் மரங்களைத் தாக்கிய மஞ்சள் நோயை ஆராய்வதாகும். இந்நோய் கண்ட மரங்களில் பழங்கள் காலத்திற்கு முன்பே சிவந்து பழுக்கும். கிளைகளில் மெலிந்த தளிர்கள் கொத்தாகத் தோன்றும். சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். டெலவேர், மேரிலாந்து, மிச்சிகன் மாநிலங்களின் தோட்டங்கள் இதனால் பெரும் அழிவைச் சந்தித்தன.

மண்ணில் சத்துக் குறைவதே இந்நோய்க்குக் காரணம் என்று அப்போது பலர் நம்பினர். ஸ்மித் பல ஆண்டுகள் தோட்டங்களில் உரமிட்டுச் சோதனை செய்து, உரத்தால் இந்நோயைத் தடுக்கவோ தீர்க்கவோ இயலாது எனக் காட்டினார். நோயுற்ற மரத்தின் மொட்டை நலமான மரத்தில் ஒட்டினால் நோய் தொற்றுகின்றது என்பதையும் மெய்ப்பித்தார். ஆகவே இது தொற்றுநோய் என்பது தெளிவாயிற்று. ஆனால் நோயை உண்டாக்கும் உயிரியை எவ்வளவு தேடியும் இவரால் காண இயலவில்லை.

அதற்கான விடை கிடைக்க நெடுங்காலம் ஆனது. 1933 ஆம் ஆண்டு லூயி குங்கெல் இந்நோயை ஒரு வகைத் தத்துப்பூச்சி பரப்புவதைக் கண்டறிந்தார். 1967 ஆம் ஆண்டு சப்பானிய ஆய்வாளர்கள், செல்சுவர் இல்லாத மிக நுண்ணிய பாக்டீரியாக்கள் தாவரங்களில் மஞ்சள் வகை நோய்களை உண்டாக்குவதை எலெக்ட்ரான் நுண்நோக்கியின் துணையுடன் கண்டனர். இவை இன்று பைட்டோபிளாசுமாக்கள் எனப்படுகின்றன. ஸ்மித் காலத்து நுண்நோக்கிகளால் இவற்றைக் காண இயலாது. ஆய்வகத்தில் வளர்க்கவும் அக்காலத்தில் வழியில்லை.

வாடல் நோய்களும் அழுகல் நோய்களும்

1890களில் ஸ்மித் பாக்டீரியா நோய்களின் பக்கம் திரும்பினார். இக்காலத்தில் இவர் ஆராய்ந்த நோய்களுள் முக்கியமானவை:

வெள்ளரி வாடல் நோய் (1895): வெள்ளரி, பூசணி வகைச் செடிகள் திடீரென வாடி மடிவதற்குக் காரணமான பாக்டீரியாவை விவரித்தார். இப்பாக்டீரியா செடியின் நீர்க்குழாய்களுள் பெருகி அவற்றை அடைத்துவிடுகின்றது. வெட்டிய தண்டின் முனைகளை ஒட்ட வைத்து மெல்லப் பிரித்தால் பிசின் போன்ற இழை நீளும். இலைகளைத் தின்னும் வண்டுகள் இந்நோயைப் பரப்புவதையும் இவர் சுட்டிக்காட்டினார்.

தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு வாடல் நோய் (1896): இந்நோய்க்குக் காரணமான பாக்டீரியா இன்று ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் எனப்படுகின்றது. வெப்பமண்டல நாடுகளில் மிகுந்த இழப்பை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் இதுவும் ஒன்று. இந்தியாவிலும் இலங்கையிலும் தக்காளி, கத்தரிப் பயிர்களில் இது காணப்படுகின்றது.

முட்டைக்கோசு கருப்பு அழுகல் நோய் (1897): லூயி பேமல் 1895 ஆம் ஆண்டு விவரித்த பாக்டீரியாவை ஸ்மித் விரிவாக ஆராய்ந்தார். இலையின் விளிம்பில் உள்ள நுண்துளைகளின் வழியாக அது உட்புகுவதைக் காட்டினார்.

இனிப்புச் சோள வாடல் நோய் (1898): எஃப். சி. ஸ்டூவர்ட் 1897 ஆம் ஆண்டு அறிவித்த இந்நோயின் பாக்டீரியாவை ஸ்மித் விவரித்து, அதற்கு ஸ்டூவர்ட்டின் பெயரையே சூட்டினார்.

ஒவ்வொரு நோயிலும் ஸ்மித் ஒரே முறையைக் கடைப்பிடித்தார். நோயுற்ற செடிகளில் எல்லாம் அந்தப் பாக்டீரியா இருக்கவேண்டும். அதைத் தனியே பிரித்துத் தூய வளர்ப்பாக வளர்க்கவேண்டும். அவ்வளர்ப்பை நலமான செடியில் செலுத்தினால் அதே நோய் தோன்றவேண்டும். அச்செடியிலிருந்து அதே பாக்டீரியாவை மீண்டும் பிரித்தெடுக்கவேண்டும். விலங்கு நோய்களுக்காக கோக் வகுத்த நெறிகளையே இவர் தாவரங்களுக்கும் தளர்வின்றிப் பொருத்தினார். பாக்டீரியா செலுத்தப்படாத செடிகளையும் ஒப்பீட்டிற்காக உடன் வளர்த்தார்.

ஆல்பிரட் ஃபிஷருடன் விவாதம்

செருமனியின் லைப்சிக் நகரத் தாவரவியலாளர் ஆல்பிரட் ஃபிஷர் 1897 ஆம் ஆண்டு பாக்டீரியாக்களைப் பற்றிய தமது விரிவுரைகளை நூலாக வெளியிட்டார். தாவர செல்களுக்குத் தடித்த சுவர் இருப்பதால் உயிருள்ள திசுவைப் பாக்டீரியா தாக்க இயலாது என்பது அந்நூலில் அவர் கூறிய கருத்தாகும். நோயுற்ற செடிகளில் காணப்படும் பாக்டீரியாக்கள் ஏற்கனவே இறந்த திசுக்களில் பின்னர் குடியேறியவை என்றும், பிறர் செய்த சோதனைகள் குறைபாடுடையவை என்றும் அவர் வாதிட்டார்.

இக்கருத்து நிலைபெற்றிருந்தால் அதன் விளைவு ஆய்வகத்தோடு நின்றிருக்காது. பாக்டீரியா நோயை உண்டாக்குவதில்லை எனில் நோயுற்ற நாற்றுகளை நீக்குவது, பயிர்ச் சுழற்சி செய்வது, விதையைத் தூய்மைப்படுத்துவது ஆகியவற்றிற்குப் பொருளில்லாமல் போகும். உழவர்கள் மண்ணையும் வானிலையையும் குறைகூறிக்கொண்டு நோயுற்ற செடிகளையே மீண்டும் நட்டிருப்பர்.

ஸ்மித் 1899 ஆம் ஆண்டு செருமானிய ஆய்விதழ் ஒன்றிலேயே மறுப்பு வெளியிட்டார். ஃபிஷர் அதற்கு விடையளித்தார். 1901 ஆம் ஆண்டு ஸ்மித் தமது இறுதி மறுப்பை ஒளிப்படங்களுடன் வெளியிட்டார். நோயுற்ற செடிகளின் மெல்லிய வெட்டுகளில், குழாய்களுள்ளும் உயிருள்ள திசுக்களிலும் பாக்டீரியாக்கள் நிறைந்திருப்பதை அப்படங்கள் காட்டின. இருவருடைய நடையும் கடுமையாகவே இருந்தது. எனினும் விவாதத்தை முடித்து வைத்தவை அச்சான்றுகளே. இதன்பின் தாவரங்களில் பாக்டீரியா நோய்கள் உண்டு என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இவ்விவாதக் கட்டுரைகள் 1981 ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிடப்பட்டன.

கிரீடக் கழலை ஆய்வு

1904 ஆம் ஆண்டு பாரிசு டெய்சி என்னும் பூச்செடியில் தோன்றிய கழலைகள் ஸ்மித்தின் கவனத்தை ஈர்த்தன. வேரும் தண்டும் சேரும் இடத்தில் பெரும்பாலும் தோன்றுவதால் இது கிரீடக் கழலை எனப்படுகின்றது. இத்தாலிய அறிஞர் ஃபிரிதியானோ கவாரா 1897 ஆம் ஆண்டிலேயே திராட்சைக் கழலைகளிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்திருந்தார். ஸ்மித்தும் டவுன்செண்டும் டெய்சிக் கழலையிலிருந்து தூய வளர்ப்பைப் பெற்று, அதை நலமான செடிகளில் செலுத்திக் கழலைகளை உண்டாக்கி, 1907 ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். இப்பாக்டீரியாவிற்குக் கழலையை உண்டாக்குவது என்னும் பொருளில் தியூமஃபேசியன்ஸ் என்ற பெயரை இட்டனர். 1942 ஆம் ஆண்டு முதல் இது அக்ரோபாக்டீரியம் என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டது.

1911, 1912 ஆம் ஆண்டுகளில் நெல்லி பிரவுன், லூசியா மெக்கல்லக் ஆகியோருடன் இணைந்து ஸ்மித் இரு விரிவான அறிக்கைகளை வெளியிட்டார். பீச், ரோசா, திராட்சை, சர்க்கரைக்கிழங்கு எனத் தொடர்பில்லாத பல செடிகளின் கழலைகளுக்கு ஒரே வகைப் பாக்டீரியாவே காரணம் என்பது அவற்றால் விளங்கியது.

இக்கழலைகள் மனிதரின் புற்றுநோயை ஒத்திருக்கின்றன என ஸ்மித் கருதினார். இரண்டிலும் செல்கள் உடலின் கட்டுப்பாட்டை மீறிப் பெருகுகின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். 1913 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழகம் இப்பணிக்காக இவருக்குச் சிறப்புச் சான்றிதழ் வழங்கியது. தாவர நோயியலாளர் ஒருவரை மருத்துவர்கள் இவ்வாறு சிறப்பித்தது அரிய நிகழ்வாகும்.

சரியும் தவறும்

ஸ்மித்தின் ஒப்புமையில் ஒரு பகுதி சரியானது. மற்றொரு பகுதி தவறானது. மனிதரின் புற்றுநோய்க்கும் ஒட்டுண்ணி உயிரி ஒன்றே காரணமாக இருக்கும் என இவர் எதிர்பார்த்தார். பெரும்பாலான புற்றுநோய்கள் அவ்வாறு தோன்றுவதில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. தாவரக் கழலை மனிதப் புற்றுநோயைப் போல உடலெங்கும் பரவுவதும் இல்லை. பாக்டீரியாக்கள் கழலையின் செல்களுக்குள் வாழ்ந்து தம் கழிவுப் பொருள்களால் அவற்றைத் தொடர்ந்து தூண்டுகின்றன என்ற இவரது விளக்கமும் நிலைக்கவில்லை.

1940களில் ஆர்மின் பிரவுன், பாக்டீரியா முற்றிலும் நீக்கப்பட்ட பின்னும் கழலைச் செல்கள் தாமாகவே பெருகுவதைக் காட்டினார். பாக்டீரியா எதையோ செல்லிடம் விட்டுச் செல்கின்றது என்பது இதனால் விளங்கியது. 1974 ஆம் ஆண்டு பெல்சியத்தின் கென்ட் நகரில் ஜெஃப் ஷெல், மார்க் வான் மொன்டாகு குழுவினர் கழலையைத் தூண்டும் பிளாசுமிடைக் கண்டறிந்தனர். 1977 ஆம் ஆண்டு மேரி-டெல் சில்ட்டனும் குழுவினரும் அப்பிளாசுமிடின் ஒரு துண்டு தாவரச் செல்லின் டி.என்.ஏ.யில் சேர்ந்திருப்பதை மெய்ப்பித்தனர். அத்துண்டில் உள்ள மரபணுக்கள் தாவர வளர்ச்சி இயக்குநீர்களை அளவுக்கு மீறிச் சுரக்கச் செய்கின்றன. அதனாலேயே கழலை உண்டாகின்றது.

நோயுண்டாக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டு வேறு மரபணுக்களை வைத்தால் அவற்றையும் இப்பாக்டீரியா செடிக்குள் கொண்டு செல்லும். 1983 ஆம் ஆண்டு முதல் மரபணு மாற்றப்பட்ட தாவரங்களை உருவாக்க இம்முறை பயன்பட்டு வருகின்றது.

ஆய்வகத்தில் பெண்கள்

தாவரவியலில் பட்டம் பெற்ற பெண்களுக்குப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பணி கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில், ஸ்மித் தமது ஆய்வகத்தில் 20-க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பணி அளித்தார். ஆக்னஸ் குயிர்க், நெல்லி பிரவுன், புளோரன்ஸ் ஹெட்ஜஸ், லூசியா மெக்கல்லக், மேரி கேத்தரின் பிரையன், சார்லொட் எலியட் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். இவர்கள் உதவியாளர்களாகச் சேர்ந்தாலும் பின்னர் தம் பெயரிலேயே ஆய்வுகளை வெளியிட்டனர். ஹெட்ஜஸ் 1922 ஆம் ஆண்டு அவரை வாடல் நோயின் பாக்டீரியாவை விவரித்தார். எலியட் 1930 ஆம் ஆண்டு தாவர நோய்ப் பாக்டீரியாக்கள் பற்றிய கையேடு ஒன்றை வெளியிட்டார்.

நூல்களும் பதவிகளும்

தாவர நோய்களோடு பாக்டீரியாக்களுக்கு உள்ள தொடர்பைப் பற்றி ஸ்மித் எழுதிய பெருநூலை வாசிங்டன் கார்னெகி நிறுவனம் 1905, 1911, 1914 ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. 1920 ஆம் ஆண்டு மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றை எழுதினார். அதே ஆண்டு, லூயி பாஸ்டரைப் பற்றி எமில் துக்லோ பிரெஞ்சு மொழியில் எழுதிய நூலை ஹெட்ஜசுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

அமெரிக்க பாக்டீரியாவியலாளர் கழகம் (1906), அமெரிக்கத் தாவரவியல் கழகம் (1910), அமெரிக்கத் தாவர நோயியல் கழகம் (1916) ஆகியவற்றின் தலைவராகப் பணியாற்றினார். 1913 ஆம் ஆண்டு தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தனி வாழ்க்கை

ஸ்மித் 1893 ஆம் ஆண்டு சார்லொட் மே பஃபெட்டை மணந்தார். அவர் 1906 ஆம் ஆண்டின் இறுதியில் காலமானார். கழலைப் பாக்டீரியா பற்றிய முடிவுகள் வெளிவந்தது அதற்குச் சில மாதங்களுக்குப் பின்னராகும். மனைவியின் நினைவாகத் தாம் எழுதிய கவிதைகளை 1915 ஆம் ஆண்டு தனிப்பட்ட முறையில் அச்சிட்டு நண்பர்களுக்கு வழங்கினார். 1914 ஆம் ஆண்டு ரூத் வாரனை மறுமணம் செய்துகொண்டார்.

எர்வினியா பேரினம்

1917 ஆம் ஆண்டு அமெரிக்க பாக்டீரியாவியலாளர் கழகத்தின் வகைப்பாட்டுக் குழு, தாவர நோய்களை உண்டாக்கும் ஒரு தொகுதிப் பாக்டீரியாக்களுக்கு ஸ்மித்தைச் சிறப்பிக்கும் வகையில் எர்வினியா எனப் பெயரிட்டது. பர்ரில் கண்ட தீக்கருகல் பாக்டீரியாவான எர்வினியா அமைலோவோரா இப்பேரினத்தின் மாதிரி இனமாகும். ஸ்மித் விவரித்த வெள்ளரி வாடல் பாக்டீரியாவும் எர்வினியா டிரேக்கிஃபிலா என்ற பெயரில் இதில் உள்ளது.

தாவரத்தைத் தாக்கும் தன்மை வகைப்பாட்டில் பெரிதும் கருதப்பட்டதால், ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்பில்லாத பல இனங்கள் இப்பேரினத்தில் சேர்ந்துவிட்டன. மரபணு ஆய்வுகள் வளர்ந்த பின் அவை பிரிக்கப்பட்டன. கிழங்குகளையும் காய்கறிகளையும் கூழாக்கும் மென்னழுகல் பாக்டீரியாக்கள் பெக்டோபாக்டீரியம், டிக்கேயா ஆகிய பேரினங்களுக்கு மாற்றப்பட்டன. வாழையின் கிழங்கு அழுகல் நோயோடு தொடர்புடையவையும் இவற்றுள் அடங்கும். சோள வாடல் பாக்டீரியா இப்போது பாண்டோயா பேரினத்தில் உள்ளது.

தாவர நோய்க்கும் மனித நோய்க்கும் இடையே தடுப்புச் சுவர் இல்லை என்பதற்கு இத்தொகுதியே சான்றாகும். முன்னர் எர்வினியா எனப்பட்ட பாண்டோயா அக்லோமெரன்ஸ் செடிகளின் மேற்பரப்பில் இயல்பாக வாழ்வது. முள் தைத்த காயத்தின் வழியாக இது மனிதரின் மூட்டுகளில் அழற்சியை உண்டாக்குவதுண்டு. 1970–71 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவமனைகளில் சிரைவழி செலுத்தப்பட்ட திரவங்கள் மாசுற்றதால் நோயாளிகளின் குருதியில் தொற்று ஏற்பட்டது. அதில் காணப்பட்ட பாக்டீரியாக்களுள் இதுவும் ஒன்று.

இத்தொகுதியால் மருத்துவத்திற்கு நன்மையும் விளைந்துள்ளது. எர்வினியா கிரிசாந்தமி என்று பெயர் பெற்றிருந்து, பின்னர் டிக்கேயா பேரினத்திற்கு மாற்றப்பட்ட மென்னழுகல் பாக்டீரியாவிலிருந்து அசுபராசினேசு என்னும் நொதி பெறப்படுகின்றது. குருதியில் உள்ள அசுபராசின் என்னும் அமினோ அமிலத்தை இந்நொதி சிதைக்கின்றது. அதனைப் போதிய அளவு தாமே உருவாக்க இயலாத குருதிப் புற்றுநோய்ச் செல்கள் இதனால் மடிகின்றன. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் ஒரு வகைக் குருதிப் புற்றுநோய்க்கு, வழக்கமாகத் தரப்படும் ஈ. கோலை நொதி ஒவ்வாதபோது இது பயன்படுத்தப்படுகின்றது.

மறைவு

ஸ்மித் ஏப்ரல் 6, 1927 அன்று வாசிங்டனில் காலமானார். அப்போது இவருக்கு வயது 73. ஆண்ட்ரூ டெனி ராட்ஜர்ஸ் எழுதிய இவருடைய விரிவான வாழ்க்கை வரலாறு 1952 ஆம் ஆண்டு வெளிவந்தது. இவர் இட்ட பாக்டீரியாப் பேரினப் பெயர்கள் பல மாறிவிட்டன. தக்காளி வாடல் பாக்டீரியாவின் பேரினம் மட்டும் பாசில்லசு, சூடோமோனாசு, பர்க்கோல்டேரியா, ரால்ஸ்டோனியா என மும்முறை மாறியுள்ளது. ஆனால் ஒரு பாக்டீரியாவே நோய்க்குக் காரணம் எனக் கூறுவதற்கு முன் இவர் வற்புறுத்திய நான்கு படிநிலைகள் தாவர நோயியலில் இன்றும் கற்பிக்கப்படுகின்றன.